'பார்க்கலாம்' என்னும் விடை

மறுப்பைச் சொல்லுவதற்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. இல்லை, முடியாது, இயலாது, மாட்டேன், ஆகாது, வேண்டாம் என்று வரிசையாக எடுத்து வைக்கலாம். போதாக்குறைக்குச் செய்யேன், வாரேன், உண்ணேன் என்று வினைச்சொல்லின் உள்ளேயே மறுப்பை வைத்துப் பின்னியும் கொடுத்திருக்கிறது நம் மொழி. 'இல்லை' என்ற சொல்லைப் பற்றி நன்னூலார் தரும் செய்தி இன்னும் சுவையானது. அச்சொல் ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொது என்கிறார் அவர். நான் இல்லை, நீ இல்லை, அவள் இல்லை, அவை இல்லை. யார் பொருட்டும் அது தன் உருவை மாற்றிக்கொள்வதில்லை. இலக்கணம் இவ்வாறு எல்லோர்க்கும் பொதுவாக்கிய சொல்லை உலக வழக்கு சிலர்க்கு மட்டும் உரியதாக்கிவிட்டது. மேலதிகாரி சொல்லலாம்; எழுத்தர் சொல்லக்கூடாது. மாமனார் சொல்லலாம், மருமகள் சொல்லக்கூடாது. வங்கி சொல்லலாம், வங்கியில் கடன் கேட்கப் போகிறவரின் மைத்துனர் சொல்லக்கூடாது.

ஆகவே உறவினர் ஒருவர் நம் முகத்தைப் பார்த்து ஒன்றைக் கேட்கும்போது, மேலே அடுக்கிய சொற்களுள் ஒன்றும் நம் வாயில் வருவதில்லை. வருவது வேறொரு சொல்: 'பார்க்கலாம்.'

தில்லியில் வாழும் நம்மவர்க்கு இச்சொல்லின் இந்தி வடிவமும் பழக்கமானதுதான். 'தேக்தே ஹைன்' என்று அடுத்த வீட்டுக்காரர் சொன்னால் காரியம் நடவாது என்று புரிந்துகொள்ளும் அளவுக்கு இந்த ஊரில் இருந்துவிட்டோம். ஆனால் நாம் சொல்லும் 'பார்க்கலாம்' திருவாரூரிலும் திருநெல்வேலியிலும் எப்படிக் கேட்கிறது என்பதை நினைத்துப் பார்க்கிறவர்கள் குறைவு. சொல்லுகிறவர் அதில் 'இல்லை' என்பதை வைத்து அனுப்புகிறார். கேட்கிறவர் அதிலிருந்து 'ஆம்' என்பதை எடுத்துக்கொள்கிறார். ஒரே சொல்லை இருவர் இரண்டு பொருளில் வைத்துக்கொண்டு, இரண்டு மாதம் கழித்துப் புது தில்லி ரயில் நிலையத்தின் நடைமேடையில் சந்திக்கிறார்கள்.

இது கற்பனை அன்று. நம் குடியிருப்பில் ஒரு நண்பர் வீட்டில், சில ஆண்டுகளுக்கு முன்பு தை மாதத்தில், ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஒன்று காசியும் அரித்துவாரமும் காணும் நோக்கத்தோடு தமிழ்நாடு விரைவு வண்டியில் வந்து இறங்கியது. நண்பரின் ஒன்றுவிட்ட சித்தப்பா குடும்பம். தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது அவர்கள் கேட்டார்கள்; இவர் 'பார்க்கலாம்' என்றார்; அவர்கள் பயணச்சீட்டு எடுத்துவிட்டார்கள். தில்லிக் குளிரை அனுபவித்தவர்களுக்கு ஒரு வீட்டின் விருந்தோம்பும் ஆற்றலை அளக்கும் கருவி எது என்பது தெரியும். அது அரிசியும் அன்று, அறையும் அன்று, ரஜாய்தான். நண்பர் வீட்டில் இருந்தவை நான்கு. வீட்டார் நால்வர். வந்தவர் ஐவர், அவருள் ஒருவருக்கு ஆஸ்துமா. அன்று இரவு அந்தக் குடியிருப்பில் வீடு வீடாக ஏறி இறங்கி ரஜாய் கேட்டார்கள். நம் வீட்டிலிருந்தும் ஒன்று போயிற்று. வந்தவர்கள் நல்லவர்கள், மூன்றாம் நாள் நிலைமையை உணர்ந்து, மனம் நொந்து, அரித்துவாரம் போகாமலே திரும்பினார்கள். நண்பர் தீபாவளியன்றே, 'தையில் இங்கே குளிர் தாங்காது, வீட்டில் இடமும் போதாது. பங்குனியில் வாருங்கள், மூன்று பேருக்கு இடம் இருக்கிறது' என்று சொல்லியிருந்தால், அந்தச் சித்தப்பா கங்கையைப் பார்த்திருப்பார்.

வெளியூரில் வாழும் நமக்கு இந்தத் தயக்கம் சற்று அதிகமாகவே இருப்பதற்குக் காரணம் உண்டு. இந்த ஊருக்கு வந்த நம்மவருள் பலரும் யாரோ ஒருவருடைய முகவரியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தவர்கள்தாம். கரோல் பாக்கிலோ, லோதி காலனியிலோ, ராமகிருஷ்ணபுரத்திலோ யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்து, அவர் வீட்டுச் சாம்பாரை உண்டு, அவர் காட்டிய பேருந்தில் ஏறி முதல்நாள் அலுவலகம் போனவர்கள். அந்தக் கடனை அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது. அடுத்து வருகிறவருக்குத்தான் கொடுக்க முடியும். வருகிறவரிடம் 'இல்லை' என்று சொல்ல வாயெடுக்கும்போது, அந்தப் பழைய கூடமும் பாயும் நினைவுக்கு வந்து நாவைக் கட்டிவிடுகின்றன. இந்தத் தயக்கத்தை நாம் குறை சொல்ல மாட்டோம்.

இன்னொரு காரணம் ஊராருடைய கற்பனை. நாம் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மேல்நிலை எழுத்தர். ஏழாவது ஊதியக் குழுவின் அட்டவணையில் நான்காம் நிலை; அந்நிலையின் தொடக்க ஊதியம் 25,500 ரூபாய். ஆனால் ஊரில் நம்மைப் பற்றிப் பேசப்படுவது, 'தில்லியிலே இருக்கான், மத்திய சர்க்கார்' என்பதுதான். தில்லியில் இருப்பவன் தில்லியை ஆள்பவனுக்கு அடுத்த நாற்காலியில் இருப்பான் என்பது அவர்களுடைய நம்பிக்கை. ஆகவே இட மாற்றத்துக்கு ஒரு வார்த்தை, ரயிலில் ஓர் இருக்கைக்கு ஒரு கடிதம், பெரிய மருத்துவமனையில் ஒரு படுக்கைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு என்று கோரிக்கைகள் வருகின்றன. பணி தொடர்பான காரியங்களுக்கு வெளியார் செல்வாக்கைக் கொண்டுவரக் கூடாது என்று 1964ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் சொல்லுகின்றன என்பது இருக்கட்டும். அந்தச் செல்வாக்கு நம்மிடம் இருந்தால் அல்லவா விதியை மீறுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்!

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். எழுத்தராகிய நாம் அலுவலகத்தில் நாள்தோறும் செய்யும் வேலைகளுள் ஒன்று மறுப்பு எழுதுவது. 'தங்கள் கோரிக்கை கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம்' என்ற வாசகத்தை எத்தனை நூறு முறை வரைவு செய்திருப்போம்! கை நடுங்கியதில்லை. பொதுமக்களின் கோரிக்கையை ஏற்க இயலாவிட்டால் அதற்கான காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய தலைமைச் செயலக அலுவலக நடைமுறைக் கையேடு கூறுகிறது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், தகவல் மறுக்கப்பட்டால் காரணத்தோடு, மேல்முறையீட்டை எந்த அலுவலரிடம், எத்தனை நாளுக்குள் செய்யலாம் என்பதையும் மறுப்புக் கடிதத்திலேயே எழுத வேண்டும் என்கிறது. மறுக்கப்படுகிறவருக்கு இவ்வளவு மரியாதை செய்ய அரசுக்குத் தெரிந்திருக்கிறது. ஐந்து மணி வரை இந்த மரியாதையைச் செய்துவிட்டு வீட்டுக்கு வருகிற எழுத்தர், தொலைபேசியில் மாமாவின் குரலைக் கேட்டதும் 'பார்க்கலாம் மாமா' என்கிறார்.

அலுவலகக் கடிதத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவர முடியாது என்பதும் உண்மையே. அங்கே கேட்பவருக்கு உரிமை உண்டு. ஆதலால் காரணம் கடமை. வீட்டில் கேட்பவருக்கு உரிமை இல்லை, உறவு உண்டு. காரணத்தை நீட்டிக்கொண்டே போனால், ஒவ்வொரு காரணமும் ஒவ்வொரு பேரத்துக்கு வாசலாகிவிடுகிறது. 'விருந்தாளிகள் இருக்கிறார்கள்' என்றால் 'அவர்கள் போன பிறகு வருகிறோம்' என்பார்கள். 'இந்த மாதம் கையில் பணம் இல்லை' என்றால் 'அடுத்த மாதம் முதல் தேதி கேட்கிறோம்' என்பார்கள். பொய்க் காரணமாக இருந்துவிட்டால் அதைக் காப்பாற்ற இன்னொரு பொய் வேண்டும். ஆகவே மெய்யான காரணம் ஒன்று, சுருக்கமாக. அதுவே போதும் என்பது நம் கருத்து. 'விதி இடம் கொடுக்கவில்லை' என்று இல்லாத விதியின் பின்னால் ஒளிந்துகொள்கிறவர்களை நாம் அலுவலகத்திலும் பார்க்கிறோம், குடும்பத்திலும் பார்க்கிறோம். அது மறுப்பும் அன்று, மரியாதையும் அன்று.

இதைப் பற்றி நம் முன்னோர் என்ன நினைத்தார்கள் என்று தேடினால், மறுப்பதே பாவம் என்ற எண்ணம்தான் முதலில் கண்ணில் படுகிறது. இரவச்சம் என்ற அதிகாரத்தை முடிக்குமிடத்தில் வள்ளுவர், இல்லை என்ற சொல்லைக் கேட்ட அளவிலேயே கேட்டவனுடைய உயிர் போய்விடுகிறதே, அதைச் சொன்னவனுடைய உயிர் மட்டும் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்று கேட்கிறார். இதைப் படித்துவிட்டு யாருக்குத்தான் மறுக்கத் துணிவு வரும்? ஆனால் அதே வள்ளுவர், வலியறிதல் என்னும் அதிகாரத்தின் இறுதியில், தன்னிடம் உள்ளதன் அளவை எண்ணிப் பாராமல் உதவுகிறவனுடைய செல்வம் விரைவில் கெடும் என்றும் சொல்லி வைத்திருக்கிறார். நம்மவர் மேடைகளில் முதற்குறள் கேட்கும் அளவுக்கு இரண்டாவது கேட்பதில்லை.

எனினும் இந்தப் பொருளை நேர் நின்று பேசுவது புறநானூற்றின் 196ஆம் பாட்டு. பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனிடம் பரிசில் நாடிச் சென்றார் ஆவூர் மூலங்கிழார். அரசன் கொடுக்கவும் இல்லை, இல்லை என்று சொல்லவும் இல்லை. நாளை நீட்டித்துக்கொண்டே போனான். அவனும் 'பார்க்கலாம்' என்றுதான் சொல்லியிருப்பான் போலும். புலவர் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பாடினார். கொடுக்கக்கூடியதைக் கொடுப்போம் என்று சொல்லுவதும், கொடுக்க இயலாததை யாராக இருந்தாலும் இல்லை என்று மறுப்பதும், இரண்டுமே முயற்சியும் நட்பும் உடையோர் செயல்கள். இயலாததை இயலும் என்பதும், இயலுவதை இல்லை என்பதும், இரண்டுமே கேட்க வந்தவரை வாட்டும். கொடுக்க வேண்டியவருடைய புகழையும் குறைக்கும். இதுதான் அவர் கருத்து.

இந்தப் பாட்டைப் படிக்கும்தோறும் நம்மை வியப்பில் ஆழ்த்துவது அவர் பிரித்திருக்கும் முறை. கொடுப்பதை ஒரு பக்கமும் மறுப்பதை மறு பக்கமும் வைத்துப் பார்ப்பதே நம் வழக்கம். அவரோ மெய்யான ஆமையும் மெய்யான இல்லையையும் ஒரு தட்டில் வைக்கிறார்; பொய்யான ஆமையும் பொய்யான இல்லையையும் மற்றொரு தட்டில் வைக்கிறார். இதைச் சொல்லுகிறவர் கொடுக்கும் இடத்தில் இருந்த செல்வர் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். கையேந்திப் போனவர் சொல்லுகிறார். மறுப்பை விடக் காத்திருப்பே கொடியது என்பதற்கு அவரைக் காட்டிலும் தகுந்த சாட்சி வேண்டுமா? அரசனைத் திட்டவும் இல்லை அவர். உன் பிள்ளைகள் நோயின்றி இருக்கட்டும். வெயில் என்றும் குளிர் என்றும் பாராமல் என் மனைவியை எண்ணி நான் நடந்து போகிறேன். நீ நெடுநாள் வாழ்க என்று கிளம்பிவிட்டார்.

ஆவூர் மூலங்கிழார் காலத்தில் பொய்யான ஆம் வாட்டியது கேட்டவரை மட்டுமே. நம் காலத்தில் அது சொன்னவரையும் சேர்த்து வாட்டுகிறது. பிணைக் கையெழுத்தைப் பற்றித்தான் சொல்லுகிறோம்.

அரசு ஊழியர் நடுவே கூட்டுறவுக் கடன் சங்கங்கள் செய்துவரும் உதவி பெரிது. பெண்ணின் திருமணத்துக்கும் பிள்ளையின் படிப்புக்கும் கந்துவட்டிக்காரரிடம் போகாமல் நம்மைக் காப்பாற்றுபவை அவை. அங்கே கடன் வேண்டுமானால் உறுப்பினர் இருவரோ மூவரோ பிணை நிற்க வேண்டும். நம் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், வேறு அலுவலகத்தில் இருந்த ஒருவருக்கு அப்படிக் கையெழுத்திட்டார். சிற்றுண்டிச்சாலையில் நாலு பேர் நடுவில், ஒரு கையில் தேநீர்க் குவளையும் மறு கையில் இரவல் பேனாவுமாக அந்தக் கையெழுத்து நடந்தது. கடன் வாங்குகிறவருக்கு வேறு இடங்களிலும் கடன் உண்டு என்பது அவருக்குத் தெரியும். 'தெரிந்தும் ஏன் போட்டீர்கள்?' என்று நாம் பின்னால் கேட்டதுண்டு. 'நாலு பேர் முன்னால் எப்படி இல்லை என்பது?' என்றார். வாங்கியவர் வேலையை விட்டுவிட்டு எங்கோ போய்விட்டார். முப்பது மாதம், மாதம் 7,500 ரூபாய், பெரியவரின் சம்பளத்திலிருந்து பிடிக்கப்பட்டது. ஓய்வு பெறுவதற்கு முந்தைய மாதம்தான் கணக்குத் தீர்ந்தது.

பிணை என்பது ஒரு மரியாதைக்கான சாட்சிக் கையெழுத்து என்று நம்மவர் பலர் நினைக்கிறார்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு அப்படி நினைக்கவில்லை. வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாத வரையில், கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ, பிணை நின்றவருக்கும் அவ்வளவு பொறுப்பு என்பது அப்பிரிவு. கடன் வாங்கியவரை முதலில் தேடிப் பிடித்துக் கேட்டுவிட்டுப் பிறகுதான் பிணையாளியிடம் வரவேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. பீகார் வங்கியின் வழக்கு ஒன்றில் 1968ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. கட்டிய பணத்தைக் கடன் வாங்கியவரிடமிருந்து வசூலிக்கும் உரிமை பிணையாளிக்கு உண்டு என்று சட்டம் சொல்லுவதும் மெய்தான்; ஆனால் வேலையை விட்டு ஊரைவிட்டுப் போனவரிடம் அந்த உரிமையைக் கொண்டுபோய் எங்கே நீட்டுவது?

பிணை கேட்டு வருகிறவர்களுக்கு நம் வீட்டில் சொல்லும் விடை ஒன்றே. 'கையெழுத்துப் போடுவதில்லை, இன்ன தொகை தருகிறோம், முடிந்தபோது திருப்பிக் கொடுங்கள்' என்போம். அந்தத் தொகை, திரும்பி வராமலே போனாலும் நம் உறக்கத்தைக் கெடுக்காத தொகையாக இருக்கும். உறவினருக்கும் நண்பருக்கும் வட்டியின்றிச் சிறு தொகையைத் தற்காலிகமாகக் கொடுப்பதை நடத்தை விதிகளும் தடுக்கவில்லை. மூன்று லட்சத்துக்குப் பிணை கேட்டு வந்தவரிடம் ஐயாயிரம் ரூபாயை நீட்டுவது எளிதன்று. சிலர் வாங்கிக்கொண்டார்கள். ஒருவர் வாங்காமல் எழுந்து போனார். பிள்ளையார் சதுர்த்திக்கு எப்போதும் அனுப்பும் கொழுக்கட்டை அந்த ஆண்டு வரவில்லை. அடுத்த ஆண்டும் வரவில்லை.

அரசு குடியிருப்பில் ஓர் அறையை வாடகைக்கு விடச் சொல்லிக் கேட்பவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒதுக்கீட்டு விதிகள் அதைத் தடுக்கின்றன. கண்டுபிடிக்கப்பட்டால் வீடும் போகும், அபராத வாடகையும் வரும். இங்கே விதி உண்மையிலேயே இருக்கிறது. ஒளிந்துகொள்ளத் தேவையில்லை, நேராகக் காட்டலாம்.

வேறொன்றைச் சொல்லியாக வேண்டும். ஆடவர் எழுதும் இத்தகைய கட்டுரைகளில் அது பெரும்பாலும் விட்டுப்போகிறது. 'வாருங்கள், வாருங்கள், நம் வீடு இருக்கிறதே' என்று தொலைபேசியில் தாராளமாகச் சொல்லுகிறவர் ஒருவர். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து இரண்டாவது முறை மாவு பிசைகிறவர் மற்றொருவர். வீட்டின் பெயரால் கொடுக்கப்படும் ஆமுக்கு விலை கொடுப்பவர் பெண். அந்த ஆமைச் சொல்லும் முன் அவரைக் கேட்கும் வழக்கம் நம்மவரிடையே இன்னும் வேரூன்றவில்லை. வேலைக்குப் போகும் பெண்ணானால் சுமை இரட்டிப்பு. 'உங்கள் அத்தையிடம் கேட்டுச் சொல்லுகிறேன்' என்று ஓர் ஆண் சொன்னால் ஊரில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

நம் வீட்டில் இந்தப் பொருள் ஏட்டுச் செய்தியாக இல்லாமல் வாசற்படி ஏறி வந்தது 2025ஆம் ஆண்டு சித்திரையில். திருவாரூரிலிருந்து அக்காள் தொலைபேசியில் அழைத்தார். மகன் பொறியியல் முடித்துவிட்டான். ஆட்சிப் பணித் தேர்வுக்குத் தில்லியில் படிக்க விரும்புகிறான். ஓர் ஆண்டு, கூடிப்போனால் ஒன்றரை ஆண்டு, நம் வீட்டில் இருக்க வேண்டும்.

அக்காளிடம் நமக்குள்ள கடனைச் சொன்னால்தான் இதன் கனம் விளங்கும். நாம் பி.ஏ. படித்த மூன்று ஆண்டும் கல்லூரிக் கட்டணம் அக்காளின் வளையலிலிருந்து வந்தது. அத்தானிடம் சொல்லிவிட்டுத்தான் அடகு வைத்தார். அவரும் ஒரு சொல் சொன்னதில்லை. இப்போது நம் வீடு இரண்டு அறை. ஓர் அறையில் எழுபத்தெட்டு வயதான அம்மா. மற்றோர் அறை மகளுடையது. அவளுக்கு அவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பு. நாமும் துணைவியாரும் கூடத்தில் படுக்கிறோம். துணைவியாருக்கும் அலுவலகம் உண்டு.

அக்காளின் அச்சமும் வெறும் அச்சமன்று. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் நெருங்கி வாழும் பழைய ராஜேந்திர நகரில், 2024ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள், பயிற்சி நிலையம் ஒன்றின் நிலவறையில் மழைநீர் புகுந்து மூன்று பேர் உயிரிழந்தார்கள். அந்தச் செய்தியைத் தமிழ்நாட்டில் எத்தனையோ தாய்மார்கள் படித்தார்கள், அக்காளும் படித்தார். 'உன் வீடு இருக்கும்போது என் பிள்ளை ஏன் தம்பி வாடகை அறையில் கிடக்கணும்?' என்று கேட்டார். நாம், 'இரண்டு நாளில் எழுதுகிறேன் அக்கா' என்றோம். 'பார்க்கலாம்' என்று சொல்லவில்லை.

துணைவியாரிடம் பேசினோம். அவர் 'வேண்டாம்' என்று சொல்லவில்லை. 'நடு ராத்திரி வரைக்கும் படிக்கிற பையன் எந்த அறையில் விளக்குப் போடுவான்?' என்று மட்டும் கேட்டார். மகளிடம் கேட்டோம், அவள், 'அத்தான் வரட்டும்பா, நான் பாட்டி அறையிலே படிச்சுக்கிறேன்' என்றாள். பாட்டிக்கு எட்டு மணிக்கு விளக்கணைத்தால்தான் உறக்கம் வரும் என்பது அவளுக்குத் தெரியும். அம்மாவைக் கொண்டு அக்காளிடம் சொல்லச் செய்யலாமா என்று ஓர் எண்ணம் வந்தது. குடும்பங்களில் அதுதானே வழக்கம். கேட்டபோது அம்மா, 'அவ உன்னைத்தானே கேட்டா? நீயே எழுது. என்னை நடுவிலே இழுக்காதே' என்றார். அந்த வீட்டில் அன்று தயக்கமின்றி மறுப்புச் சொன்னவர் அவர் ஒருவர்தாம்.

கடிதமாகவே எழுதினோம். தொலைபேசியில் குரல் தழுதழுத்தால் சொல் மாறிவிடும். எழுதியது எழுதியபடி இருக்கும். எழுத்தருக்குத் தெரிந்த வழியும் அதுதானே. ஓராண்டு வீட்டில் தங்க வைக்க முடியாது என்பதை முதல் வரியிலேயே வைத்தோம். இடம் இல்லை, மகளுக்கு இது தேர்வாண்டு என்ற காரணத்தை இரண்டு வரியில் எழுதினோம். பிறகு நம்மால் ஆவதை எழுதினோம். வந்து இறங்கும் நாள் முதல் பதினைந்து நாள் நம் வீட்டில் இருக்கட்டும். அறையை நாமே பார்த்து, நிலவறை இல்லாத இடமாக முடித்துக் கொடுப்போம். ஞாயிற்றுக்கிழமை தோறும் சாப்பாடு நம் வீட்டில். உடம்புக்கு வந்தால் எந்த நேரமானாலும் நம் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். முதல் ஆறு மாத வாடகையில் பாதி நம்முடையது. வளையலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. எழுதினால் கணக்குத் தீர்ப்பது போல் ஆகிவிடும்.

விடை வரவில்லை. பத்து நாள் கழித்து அத்தான் அழைத்து, 'கடுதாசி வந்தது, பையன் ஆனி மாசம் வர்றான்' என்றார். அவ்வளவே.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் பழைய ராஜேந்திர நகரிலும் கரோல் பாக்கிலும் படியேறி இறங்கினோம். சன்னல் இல்லாத அறைகள், ஒரு மனிதர் கையை விரித்தால் இரு சுவரும் தட்டும் அறைகள், தரைமட்டத்துக்குக் கீழே 'காற்றோட்டமானது' என்று காட்டப்பட்ட அறைகள். கடைசியில் தெருப்பக்கம் சன்னல் வைத்த ஓர் அறை அமைந்தது. விழுப்புரத்துப் பிள்ளை ஒருவனோடு பங்கு; தலைக்கு 9,000 ரூபாய்.

பையன் ஞாயிறுதோறும் வருகிறான். முதல் சில வாரம் தலை நிமிராமல் உண்டுவிட்டுப் போவான். இப்போது நம் மகளோடு கணக்குப் போடுகிறான். போகும்போது அத்தையிடம் மிளகாய்ப்பொடியும் புளிக்காய்ச்சலும் கேட்டு வாங்கிப் போகிறான். ஒருமுறை காய்ச்சல் வந்து நாலு நாள் கூடத்தில் படுத்திருந்தான். நாம் சமையலறைப் பக்கம் பாய் போட்டுக்கொண்டோம்.

அக்காள் வாரம் இருமுறை அழைக்கிறார், அம்மாவின் தொலைபேசியில். அம்மாவோடு பேசுவார், துணைவியாரோடு பேசுவார், மருமகள் முறையாகிய நம் மகளின் மதிப்பெண்ணைக்கூடக் கேட்டறிந்தார். நம்மிடம் தொலைபேசியைக் கொடுக்கச் சொன்னது இதுவரை ஒரே முறை. ஆடி மாதம், தில்லியில் பெருமழை என்று தொலைக்காட்சியில் காட்டிய இரவு.

'அவன் ரூம் எத்தனாவது மாடி?' என்று கேட்டார்.

'மூன்றாவது, அக்கா' என்றோம்.

'சரி' என்றார்.